ஆந்தை இறகின் நிழல்

தமேஷ் அக்காவின் மூத்த மகன் அவரை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவான்.

எங்கள் கசாக் குடும்பங்களில் இதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டின் முதல் பிள்ளை பால்குடி மறந்ததும் அப்பாவைப் பெற்றவர்களின் மடிக்குப் போய்விடும். அன்றிலிருந்து அது அவர்களுடைய கடைசிப் பிள்ளை. பெற்ற அப்பா அதற்கு அண்ணன், பெற்ற அம்மா அண்ணி. பெரியவர்களுக்கு வயதான காலத்தில் வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் வேண்டும் என்று வந்த வழக்கம். யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. மரியாதையாகக் கொடுப்பார்கள், மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். என் வகுப்பிலேயே அப்படி வளர்ந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் செல்லத்தில் கெட்டுப்போனவர்கள், வீட்டுப்பாடமே எழுதமாட்டார்கள்.

தமேஷ் அக்கா மூத்தவன் ஜானாத்தைக் கொடுத்தபோது அவருக்கு இருபது வயது. கொடுத்த பிறகும் எல்லோரும் ஒரே கம்பளிக் கூடாரத்தில்தான் இருந்தார்கள். நடுவில் அடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மாமனார் மாமியார் கட்டிலில் பிள்ளை. இந்தப் பக்கம் அக்காவும் அவர் கணவர் சைரான் மாமாவும்.

"அழுதா எழுந்திருக்கக் கூடாது," என்று ஒருமுறை மாவு பிசைந்துகொண்டே சொன்னார். "நான் எழுந்திருச்சா அவனுக்குக் குழம்பிடும், யாரு அம்மான்னு. அதனால கம்பளியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன். அந்தக் கம்பளியில இன்னும் என் பல்லு தடம் இருக்கும், போய்ப் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் மேல்வரிசையில் ஒரு வெள்ளிப் பல் தெரியும்.

ஜானாத்துக்கு ஐந்து வயதில் மாமனாரும் மாமியாரும் கஜகஸ்தானுக்குக் குடிபோனார்கள். அப்போது மங்கோலியாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் பயான்-உல்கியிலிருந்து தெருத்தெருவாக ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை என்பதால் ஜானாத்தும் அவர்களோடு போனான். எங்கள் குழந்தைகளின் தொப்பி உச்சியில் ஆந்தை இறகில் ஒரு குஞ்சம் தைப்போம், கண் திருஷ்டி படாமல் இருக்க. லாரி புறப்படும் முன் தமேஷ் அக்கா அவன் தொப்பியைக் கழற்றி, அந்தக் குஞ்சத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். மாமியார் ஏன் என்று கேட்டதற்கு, "நைஞ்சு போச்சு. அங்க போய் புதுசு தைச்சுக்கலாம்," என்றாராம்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இருவரும் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஜானாத் ஒரே ஒரு முறை வந்தான், மீசை அரும்பும் வயதில். பத்து நாள் இருந்தான், குதிரையிலிருந்து இரண்டு முறை விழுந்தான், "அண்ணி, இங்க டிவி இல்லையா?" என்று கேட்டான். பிறகு மாமனார் கஜகஸ்தானிலேயே இறந்துபோனார். ஜானாத் படித்தான், வேலைக்குப் போனான். எல்லாம் போனில் கேட்ட செய்திதான். மேய்ச்சலுக்கு இடம் மாறுகிறவர்கள் என்பதால் அந்தப் போனுக்கும் சிக்னல் தேடி ஒவ்வொரு பருவத்திலும் வேறு வேறு குன்றின் மேல் ஏற வேண்டும்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனது வேலை நிமித்தம். தொலைவில் இருக்கும் குளிர்கால வீடுகளுக்குப் பெரிய சோலார் பேனலும் பேட்டரியும் கொடுக்கும் திட்டம் ஒன்று எங்கள் மாவட்டத்துக்கு வந்தது. கூடவே சிக்னலை இழுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய பெட்டியும். தலைநகர் உலான்பாதரிலிருந்து வந்த பொறியாளர் பாத்சூரிக்கு மங்கோலிய மொழி மட்டும்தான் தெரியும். மலைமேல் ஆடு வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு கசாக் மட்டும்தான் தெரியும். இரண்டிலும் படித்தவள் என்பதால் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார்கள். அதிகம் பேசாதவளுக்கு இது நல்ல வேலை. மற்றவர்கள் பேசியதைச் சொன்னால் போதும்.

சைரான் மாமாவின் குளிர்கால வீடு ஒரு குறுகிய மலை இடுக்கில் இருக்கிறது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. காற்று உள்ளே வராது, பனி ஆழமாகப் படியாது, அதனால் ஆட்டுக்கு நல்லது. ஆனால் குளிர்காலத்தில் வெயில் நடுப்பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மலைக்குப் பின்னால் போய்விடும்.

"இந்த அண்ணன் சூரியனே வராத இடமாப் பார்த்து வீடு கட்டியிருக்காரே," என்றார் பாத்சூரி. "நான் என்ன, மலையைத் தள்ளி வைக்கவா?"

நான் இதை மொழிபெயர்க்கவில்லை. சைரான் மாமா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "காத்துக்குப் பயந்துதான் எங்க ஆளுங்க இங்க வந்தாங்கன்னு சொல்லு. சோலார் வரும்னு அன்னைக்கு யாரும் தாக்கல் அனுப்பலை."

கடைசியில் ஆட்டுப் பட்டிக்கு மேலே, எதிர்ச் சரிவில் வெயில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும் இடத்தில் கம்பம் நட்டார்கள். அதில் பேனல், அதற்கு மேலே சிக்னலுக்கான ஆன்டெனா. அங்கிருந்து வயர் வீட்டுக்கு இறங்கியது. பாத்சூரி பெட்டியை முடுக்கி என்னிடம் தலையசைத்தார். தமேஷ் அக்கா வீட்டுக்குள்ளே, அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டே போனை எடுத்துக் கூப்பிட்டார். படம் வந்தது. முதலில் ஒரு மோட்டுவளை, பிறகு ஒரு காது, பிறகு ஜானாத்.

"அண்ணி! குன்று மேல ஏறிட்டீங்களா? மூச்சு வாங்கலையே!"

"வீட்டுல இருக்கேன்."

"பொய் சொல்லாதீங்க."

அவர் போனைத் திருப்பி அடுப்பைக் காட்டினார், கொதிக்கும் தேநீரைக் காட்டினார், சுவரில் மாட்டிய பூவேலைத் துணியைக் காட்டினார். தன் முகத்தைக் காட்ட மறந்துவிட்டார்.

அன்றுதான் ஜானாத் சொன்னான், பெண் பார்த்தாகிவிட்டது, குளிர்காலத்தின் நடுவிலேயே கல்யாணம் என்று. பெண்ணின் பெயர் இன்கார்.

இருவரும் சேர்ந்து போக முடியாது. அந்தக் குளிரில் ஆடுகளை யாரிடம் விடுவது? யாராவது ஒருவர் என்றால் அது மாமாதான். மாப்பிள்ளையின் அண்ணன் என்று சபையில் உட்கார அவர் வேண்டும். தமேஷ் அக்கா இதைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார். "அண்ணன் இல்லாம கல்யாணம் நடக்காது. அண்ணி இல்லாட்டி நடக்கும்." பிறகு பாத்சூரியைக் காட்டி என்னிடம் கேட்டார். "முகத்திரை திறக்கறதை இதுல பார்க்கலாமான்னு கேளு. நடுவுல நின்னு போயிடக் கூடாது."

முகத்திரை திறப்புதான் எங்கள் கல்யாணத்தின் உயிர். பாட்டுக்காரர் ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லிப் பாடுவார். திரைக்குள் இருக்கும் பெண் ஒவ்வொருவருக்கும் குனிந்து சலாம் வைப்பாள். சலாம் வாங்கியவர் ஏதாவது பரிசு சொல்ல வேண்டும். கடைசியில் திரை விலகும்.

"பேட்டரி நிறைஞ்சிருந்தா ஒரு கல்யாணம் இல்லை, மூணு கல்யாணம் பார்க்கலாம்," என்றார் பாத்சூரி. நான் அதை அப்படியே சொன்னேன்.

ஆனால் பேட்டரி நிறையவில்லை. முதல் பனி விழுந்த சில நாட்களில் அக்காவிடமிருந்து புகார் வர ஆரம்பித்தது. பேச ஆரம்பித்தால் பெட்டி அணைந்துவிடுகிறது. விளக்கும் மங்கல். வயரை எலி கடித்திருக்கும் என்றார் பாத்சூரி. பிறகு பேட்டரி குளிர்ந்திருக்கும், வீட்டுக்குள் வையுங்கள் என்றார். அது அடுப்புக்குப் பக்கத்தில், மாமாவின் பழைய செம்மறித்தோல் கோட்டுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சைரான் மாமா உப்புப்போட்ட குதிரைக்கறியும் தொத்திறைச்சியும் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அக்கா எனக்குப் போன் செய்தார். குன்றின் மேலிருந்து. காற்று இரைந்தது.

"உன் ஆளைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா இந்தக் கம்பத்தைப் பிடுங்கிட்டு வந்து அவரு தலைமாட்டுல நட்டுடுவேன்னு சொல்லு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். வண்டியை விட்டு இறங்கியதுமே பாத்சூரி நின்றுவிட்டார். கம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அது என்ன, பேனல் சட்டை போட்டிருக்கு?"

உண்மையில் சட்டைதான். பேனலின் நாலு விளிம்பிலும் தடித்த கம்பளியைச் சுற்றித் தைத்து, அதன்மேல் சிவப்பிலும் கறுப்பிலும் ஆட்டுக்கொம்புப் பின்னல் போட்டிருந்தார் அக்கா. உள்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்குக் கம்பளி வந்திருந்தது. முகப்பின் நடுவில், கயிற்றில் கட்டிய ஒரு சிறிய இறகுக் குஞ்சம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சாய்ந்த வெயிலில் அதன் நிழல் பேனல்மேல் பெரிதாக விழுந்து இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வீடுகளில் விலைமதிப்புள்ள எதுவும் உடுப்பில்லாமல் இருக்காது. ரேடியோவுக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை, கிண்ணங்களுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கும் உறை. தெருவில் நிற்கும் புதுப்பெண்ணைப் போல ஒரு கண்ணாடிப் பலகை பனியில் நின்றால் அக்காவுக்கு எப்படித் தூக்கம் வரும்?

"குளிருமேன்னு போட்டேன்," என்றார். "விளிம்பு இரும்பு. தொட்டா கை ஒட்டிக்குது."

"அதுக்குக் குளிராது, சொல்லு," என்றார் பாத்சூரி. "குளிர் அதுக்கு ரொம்பப் பிடிக்கும். நிழல்தான் பிடிக்காது. ஒரு மூலையில நிழல் விழுந்தாலும் மொத்தமும் சுணங்கிடும். ஒரு ஆடு படுத்துக்கிட்டா மந்தையே நின்னுடுமே, அந்த மாதிரி."

இதை நான் சொன்னதும் அக்கா பேனலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, தான் தைத்த தையலைத் தானே பிரிக்க ஆரம்பித்தார். எத்தனை மாலைகள் உட்கார்ந்து தைத்திருப்பாரோ, கம்பளி கீற்றுக் கீற்றாகப் பனியில் விழுந்தது. பாத்சூரி குஞ்சத்தின் கயிற்றில் கைவைத்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அது இருக்கட்டும்."

"அதுவும் நிழல்தான் அக்கா."

"பார்க்க வந்தவங்க எல்லாம் ஆகா ஓகோன்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னையிலேர்ந்துதான் எனக்குப் பயம். இதை எடுத்தா திருஷ்டி பட்டுடும்." பாத்சூரியின் வண்டியைக் காட்டினார். அதன் கண்ணாடிக்கு மேலே மங்கோலியர்கள் காப்புக்காகக் கட்டும் நீலப் பட்டுத்துணி ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது. "அவரு அதைக் கழட்டுவாரான்னு கேளு."

கேட்டேன். பாத்சூரி விழுந்து விழுந்து சிரித்தார். "கழட்ட மாட்டேன். எங்கம்மா கட்டினது. ஆனா அது இஞ்சினுக்குள்ள தொங்கலைன்னு சொல்லு."

அக்காவும் சிரித்துவிட்டார், வெள்ளிப் பல் தெரிய. சிரித்தபடியே குஞ்சத்தை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இறகின் நுனியெல்லாம் உதிர்ந்து, அடியில் ஒரு பழைய நீலத் துணிக் கிழிசல் ஒட்டியிருந்தது. ஒரு குழந்தைத் தொப்பியின் துணி. அப்போதுதான் அது எந்தக் குஞ்சம் என்று எனக்குத் தெரிந்தது. பாத்சூரிக்கு நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவர் என்ன நினைத்தாரோ, ஏணியை எடுத்துக் கம்பத்தின் பின்பக்கம் சாத்தினார்.

"பின்னாடி கட்டிக்கட்டும். அங்க நிழல் விழாது."

"பின்னாடி இருந்து அது யாரைப் பார்க்கும்?" என்றார் அக்கா.

"பின்னாடி வர்ற கண்ணைப் பார்க்கும்."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. அவரே ஏறிக் கட்டினார்.

பாத்சூரிக்கு அந்த மலையில் இன்னும் பல வீடுகள் பாக்கி. அவற்றில் மங்கோலியம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இரு. திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போகட்டும். கல்யாணத்தைத் தனியா பார்த்தா அது கல்யாணமா?"

நான் இருந்தேன். இரண்டு நாள் வெயில் நன்றாக அடித்தது. பெட்டியின் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக ஏறியது. அக்கா பால் கறக்கப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதை எட்டிப் பார்த்தார். சைரான் மாமா அங்கிருந்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைக்கு அண்ணன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. தாத்தாவான்னு கேக்கறாங்க."

"தலைக்குச் சாயம் அடிச்சுக்கங்க."

"அடிச்சுட்டான் உன் கொழுந்தன். இப்ப அவனும் நானும் ஒரே மாதிரி இருக்கோமாம். எல்லாரும் சொல்றாங்க." அக்கா அடுப்பில் ஒரு வரட்டியைப் போட்டார். பிறகு, "ஆடெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார் மாமா.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மேகம் மூடிக்கொண்டது. பனி கொட்டியது. விடாமல் கொட்டியது. அக்கா வாத்துச் சிறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறுவார், பேனலைத் துடைப்பார், இறங்கி வருவதற்குள் அது மறுபடி வெள்ளையாகிவிடும். விளக்கைப் போட வேண்டாம் என்றார். நாங்கள் அடுப்பு வெளிச்சத்தில் சாப்பிட்டோம். பச்சைப் புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன.

மறுநாளும் சூரியன் தெரியவில்லை. ஆனாலும் நாங்கள் கல்யாணத்துக்குத் தயாரானோம். அக்கா பச்சை வெல்வெட் மேலங்கி போட்டுக்கொண்டு, வெள்ளைத் தலைத்துணியைத் துணிப்பெட்டியிலிருந்து எடுத்து மடிப்புக் கலையாமல் கட்டினார். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள், பாலாடை, உலர்ந்த தயிர்க்கட்டி, கறி. இரண்டு பேருக்கு இருபது பேர் சாப்பாடு. போனைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினோம்.

படம் வந்தது. பெரிய வீடு, நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். நடுவில் நாற்காலியில் மாமியார், மாப்பிள்ளையின் தாயாக, மடியில் கம்பளி போர்த்தி. அவர் பெயரை அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்களில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. அக்கா அவருக்கு வைத்த பெயர் "பெரிய வீட்டம்மா".

சிவப்புத் திரைக்குள் இன்கார் வந்தாள். அங்கே யாரோ மிட்டாய் இறைத்தார்கள். அதே நொடியில் தமேஷ் அக்காவும் மடியிலிருந்து ஒரு கை மிட்டாயை அள்ளி வீட்டுக்குள் இறைத்தார். அவை காலியான தரையில் உருண்டு, அடுப்புக்கு அந்தப் பக்கம் வரை போயின. பொறுக்க ஆள் இல்லை. குளிருக்கு உள்ளே கட்டியிருந்த குட்டி ஆடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது.

பாட்டுக்காரர் தோம்ரா என்ற இரட்டைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடினார். இறந்துபோன மாமனாருக்கு ஒரு சலாம். பெற்று வளர்த்த அம்மாவுக்கு ஒரு சலாம், என்றார். மாமியாருக்கு இன்கார் ஆழமாகக் குனிந்தாள். தமேஷ் அக்கா தலைத்துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். அண்ணனுக்கு ஒரு சலாம். பிறகு அத்தைகள், மாமன்கள், பக்கத்து வீடு, மாப்பிள்ளையின் முதலாளி. வரிசை நீண்டுகொண்டே போனது. பெட்டியில் கடைசிப் புள்ளி மினுங்க ஆரம்பித்தது.

"இந்த ஆள் ஊர்ல இருக்கிற நாயையும் விடமாட்டார் போல," என்றார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் சைரான் மாமா எழுந்து போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார் போலிருக்கிறது. படம் ஆடி நின்றது. பாட்டுக்காரர் பாடினார். "மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற அண்ணி தமேஷுக்கு ஒரு சலாம்!"

இன்கார் எங்களைப் பார்த்துக் குனிந்தாள்.

"நெத்தியில வெள்ளை விழுந்த பெண் குதிரைக்குட்டி," என்று அக்கா கத்தினார். "அது உனக்கு!"

அங்கே எல்லோரும் சிரித்தார்கள். திரை விலகியது. வட்டமான முகம், பயந்த பெரிய கண்கள். ஜானாத் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக் கையசைத்தான். அப்போது மாமியார் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

"தமேஷ், கேக்குதா? நீ உன் முதல் பிள்ளையை என் மடியில போட்டே. நான் மறக்கலை. எனக்கு இனி வளர்க்கத் தெம்பு இல்லை. இவங்களோட முதல் பிள்ளை உன் மடிக்கு. எல்லாரும் சாட்சி."

அங்கே கைதட்டல் எழுந்தது. அக்கா வாய் திறந்தார். படம் அப்படியே உறைந்து நின்றது. பெட்டி அணைந்துவிட்டது.

போன் மட்டும் கொஞ்ச நேரம் அந்தக் கடைசிப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லோர் கைகளும் தட்டியபடி நின்றிருந்தன. மாமியாரின் கை, மாமன்களின் கை. இன்காரின் கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது. பிறகு அந்தப் படமும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அக்கா அதிகம் பேசினார். எப்போதும் அப்படிப் பேசுகிறவர் அல்ல. தொட்டிலை மாமா எங்கே வைத்தாரோ, தேட வேண்டும் என்றார். பிள்ளையின் கட்டிலை அடுப்புக்கு இந்தப் பக்கம் போடலாமா, அந்தப் பக்கமா என்று என்னைக் கேட்டார். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியவிட்டால் பிள்ளை பயப்படாது, பேட்டரிதான் இருக்கிறதே என்றார். துணிப்பெட்டியின் அடியிலிருந்து நீல நிறத்தில் ஒரு துணியை எடுத்து, குழந்தைத் தொப்பிக்குப் போதுமா என்று தன் முழங்காலில் வைத்து அளந்து பார்த்தார். கீழே கிடந்த மிட்டாய்களைப் பொறுக்கியபோதும் பேசிக்கொண்டே இருந்தார். அடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்று கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெகு நேரம் கழித்துக் கேட்டார். "அந்தப் பொண்ணு கை தட்டலை. பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ம்," என்றார். துணியை மடித்தார்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. வெயில் எங்கள் பக்கம் வரும் முன்பே அவர் மேலே ஏறிப் பேனலைத் துடைத்து, கம்பத்தடியில் நின்றார். சூரியன் மலைமேல் வந்ததும் பனியெல்லாம் கண் கூசியது. அவர் கீழே வந்து, பெட்டியில் புள்ளிகள் ஏறும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஜானாத்தைக் கூப்பிட்டார்.

"அண்ணி! நேத்து கட் ஆயிடுச்சே! அம்மா சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. போனை உன் பொண்டாட்டிகிட்ட கொடு. நீ வெளிய போ."

"என்ன ரகசியம்?"

"பொம்பளைங்க பேச்சு. போடா."

இன்கார் வந்தாள். தலையில் புது மருமகளின் துணி. கண்ணை நிமிர்த்தவில்லை.

"இங்க பாரு," என்றார் அக்கா. "நம்ம வழக்கத்தை நான் குறை சொல்லலை. பெரிய வீட்டம்மா அவனை நல்லாத்தான் வளர்த்தாங்க. நேத்து சபையில அவங்க எனக்குக் கொடுத்தது பெரிய மரியாதை. நான் வாங்கிக்கிட்டேன். வாங்கிட்டேன்னே அவங்ககிட்ட சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா உன் பிள்ளை உன் மடியிலேயே வளரட்டும். அதுக்கு உன்னைத்தான் அம்மான்னு கூப்பிடத் தெரியணும். புரியுதா? யாராவது கேட்டா, மலையில குளிர் ஜாஸ்தி, அண்ணி அப்புறம் அனுப்பச் சொன்னாங்கன்னு சொல்லு. அப்புறம், அப்புறம்னு சொல்லிக்கிட்டே இரு."

அந்தப் பெண் அழுதாள். துணியின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எனக்குப் போன்ல காட்டு. மத்தியானத்துல காட்டு, எங்க பக்கம் வெயில் அப்பதான்."

"உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?" பேரைச் சொல்லக் கூடாதே என்ற தவிப்பு அவள் குரலில் இருந்தது. "ஏதாவது வெச்சுக்கலாமா?"

தமேஷ் அக்கா யோசித்தார். ஏதோ சொல்ல வந்தது போலத் தெரிந்தது. பெட்டியின் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார்.

"அவன் எப்படிக் கூப்பிடறானோ, அப்படியே கூப்பிடு."

மறுநாள் பாத்சூரி வந்து என்னை அழைத்துப்போனார். கம்பத்தின் பின்னால் குஞ்சம் அப்படியே இருந்தது.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திட்டம் இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டது. நானும் போகிறேன். பேனலுக்கு உடுப்புப் போடாதீர்கள் என்பதை எல்லா வீட்டிலும் முதலில் சொல்கிறேன். பாத்சூரிக்கே அந்த ஒரு கசாக் வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது. பக்கத்தில் போகும்போதெல்லாம் தமேஷ் அக்கா வீட்டில் தேநீர் குடிப்பேன்.

இன்காருக்குப் பெண் குழந்தை. இடம் மாறும்போதெல்லாம் அக்கா கம்பத்தையும் பேனலையும் பூவேலைத் துணிகளோடு சேர்த்து லாரியின் உச்சியில் ஏற்றுகிறார். இறக்கியதும் முதலில் நிற்பது கம்பம்தான். நடுப்பகலில் கைவேலையை விட்டுவிட்டு, முகம் கழுவி, தலைத்துணியைத் திருத்திக்கொண்டு போன் முன்னால் உட்காருகிறார். அங்கே அந்தக் குழந்தை தவழ்ந்து வந்து கண்ணாடியை நக்குகிறது. அதன் தொப்பியில் புது ஆந்தை இறகு. இன்கார் அதன் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புகிறாள்.

"பார், யாரு பார். கூப்பிடு."

அது வாயைக் குவிக்கிறது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் குனிகிறார். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை.